கையில் உடையாத மாத்திரை

விலை கூடிய தூக்க மாத்திரை எழுதிய சீட்டோடு வருகிறவர்களுக்குச் செலவைக் குறைத்துக் கொடுக்க என்ன வழி என்று, எங்கள் ஊர் மருந்தாளுநர்கள் கூடியிருந்த இடத்தில் போன மாதம் ஒரு பெண் கேட்டாள். புதிதாக வேலைக்கு வந்தவள். வாடிக்கையாளர்கள் கைபேசியை நீட்டி, "இதுல இம்புட்டுத் தள்ளுபடி காட்டுது, நீங்க என்ன குடுப்பீக?" என்று கேட்கிறார்களாம். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். எல்லாமே சரியான வழிகள்தான். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் பேசாமல் இருப்பது அபூர்வம் என்பதால், "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்று பக்கத்தில் இருந்தவர்கள் விசாரித்தார்கள். அந்தப் பெண் கிளம்பும்போது என்னைப் பிடித்துக்கொண்டு, சொல்ல முடியாவிட்டால் எழுதியாவது கொடுங்கள் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

டி.பார்ம். படித்தது மதுரையில். பிறகு ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில், சம்பளம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படும்படி ஒரு சம்பளத்தில் கொஞ்ச காலம். பிறகு கல்யாணம், காரைக்குடி, செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக் கடை. அங்கே சேர்ந்தபோது என் தலைமுடி கறுப்பு. வெளியே வந்தபோது சாயம் பூசிய கறுப்பு. நடுவில் நடந்ததுதான் என் உத்தியோகம்.

கடை முதலாளி நாச்சியப்பன், அவரே படித்த மருந்தாளுநர். பல முதலாளிகள் கல்லாப் பக்கம் உட்காருவார்கள். இவர் கல்லாவைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, கடையின் மறுகோடியில், தூக்க மாத்திரைகள் வைத்துப் பூட்டிய அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். சாவி அவர் இடுப்பில். சீட்டை வாங்கினால் முதலில் வாய்க்குள்ளேயே படிப்பார், பிறகு விரலை வைத்து வரிவரியாகப் படிப்பார். அதற்கப்புறம் நிமிர்ந்து மூன்று கேள்வி. யாருக்கு? என்ன வேலை பார்க்கிறார்கள்? மறுநாள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? இதற்குப் பதில் வராமல் அலமாரி திறக்காது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்று நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். கேள்வி பிடிக்காமல் எதிர்க் கடைக்குப் போனவர்கள் நிறைய. "போகட்டும்" என்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். அதைக் கண்டால் நாங்கள் எல்லோரும் ஏதாவது பெட்டியை எடுத்து வைக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவோம்.

விலை விஷயத்தில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. விலையைக் கேட்டு ஒருவர் முகம் மாறினால், அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, "முதல்ல ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்க. ஒத்துக்கிட்டாப் பாப்போம்" என்பார். ஒத்துக்கொள்ளாத மாத்திரையை மாதக் கணக்கில் வாங்கி வைத்துக் குப்பையில் போட்டவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஒத்துக்கொண்டால், அதே மருந்தை வேறு நல்ல கம்பெனி குறைந்த விலையில் செய்கிறதா என்று பார்ப்பார். செய்தால் நேராக எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். டாக்டரைக் கூப்பிடுவார். டாக்டர் சரி என்று சொல்லி, சீட்டில் மாற்றி எழுதிக் கொடுத்த பிறகுதான் கொடுப்பார். அரசாங்கத்தின் மலிவு விலைக் கடையில் அது கிடைத்தால், "அங்குட்டுப் போயி வாங்கிக்கங்க" என்று வழியும் சொல்லி அனுப்புவார். தம்பி மகன் கல்லாவில் பல்லைக் கடிப்பான்.

எல்லாவற்றையும் விட மலிவான வழி ஒன்றையும் அவரிடம்தான் பார்த்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வெகுகாலமாக ஒரு மாத்திரையை விடாமல் வாங்கிக்கொண்டிருந்தார். முதலாளி அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் டிகாக்ஷன் காப்பி இல்லாமல் அவர் படுப்பதில்லை என்று தெரிந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் நல்ல தூக்கம் வேறு. "காப்பிக்கு ஒரு செலவு, காப்பிய முறிக்க ஒரு செலவு. வாத்தியாரு கணக்குச் சரியா இருக்கே" என்றார் முதலாளி. ஆசிரியர் கோபப்பட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் டாக்டரிடம் போனார். டாக்டர் மாத்திரையைச் சிறுகச் சிறுகக் குறைத்து, பிறகு நிறுத்தியும் விட்டார். இதை நான் இப்போதும் எல்லோரிடமும் சொல்வேன், சிரிப்பார்கள்.

இனி வருவது சிரிக்கிற கதை இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு, கோட்டையூரிலிருந்து கருப்பையா என்பவர் மனைவி வசந்தாவோடு சீட்டுக் கொண்டுவந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முதலாளி வழக்கப்படி கேட்டார்.

"யாருக்கு?"

"இவுகளுக்குத்தான்" என்றாள் வசந்தா.

"என்ன வேலை பாக்குறீக?"

"பள்ளிக்கூட வேன் ஓட்டுறேங்க."

முதலாளி சீட்டை மேஜையில் வைத்தார். "வேன் ஓட்டுறத டாக்டரம்மாகிட்டச் சொன்னீகளா?"

"டிரைவர்னு சொன்னேன். என்ன வண்டின்னு அவுக கேக்கல."

பகலில் பள்ளி வேன், இரவில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிவர மதுரைக்கும் திருச்சிக்கும் வாடகைக் கார் என்று சில வருஷம் ஓட்டியிருக்கிறார். உடம்பு தாங்காமல் இரவு வேலையை விட்டபோது தூக்கமும் அவரை விட்டுவிட்டது. படுத்தால் விடிகிற வரைக்கும் கண் மூடாது. முதலாளி டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, ஓட்டுவது பள்ளிக்கூட வேன் என்று சொன்னார். பிறகு டாக்டரம்மா நிபந்தனை சொன்னார்: குறைந்த அளவுதான், சீக்கிரம் படுத்து முழு ராத்திரியும் தூங்க நேரம் இருந்தால்தான், நடுவில் விழித்தால் மறுபடி போடவே கூடாது, காலையில் கொஞ்சம் அசதி தெரிந்தாலும் வண்டியைத் தொடக் கூடாது. முதலாளி அதைக் கருப்பையாவின் வாயாலேயே ஒரு தடவை சொல்லவைத்தார். அவரும் பள்ளிப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

விலையைக் கேட்டதும் வசந்தா என்னைப் பார்த்தாள். செக்காலையில் ஒரு வீட்டில் சமையல் வேலை அவளுக்கு. "மாசாமாசம் இதுன்னா, வீட்டுல கறி எடுக்கிறத நிப்பாட்டணும்க்கா" என்றாள்.

ஒரு வாரம் பார்த்தோம். மருந்து ஒத்துக்கொண்டது. அதே மருந்தைப் பாதிக்கும் குறைவான விலையில் இன்னொரு கம்பெனி செய்தது. அதிலும் இரட்டை வீரியமுள்ள மாத்திரைக்குக் கொஞ்சம்தான் விலை அதிகம், நடுவில் உடைப்பதற்கென்றே கோடு போட்டு வந்தது. ஒன்றை உடைத்தால் இரண்டு நாள். டாக்டரம்மாவிடம் கேட்டோம், சரி என்று சீட்டை மாற்றி எழுதினார். உடைக்கிற விதத்தை வசந்தாவுக்குக் காட்டியது நான்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டைவிரல், அந்தப் பக்கம் ஒரு கட்டைவிரல், லேசாக ஓர் அழுத்து. முதல் மாத்திரையை என் எதிரிலேயே உடைத்தாள். சமையல் பழகிய கை, இரண்டு துண்டும் ஒரே அளவில் இருந்தன. "கோடு இருக்கிறதாலதான் இத உடைக்கிறோம், கோடு இல்லாதத உடைக்கக் கூடாது" என்று முதலாளி ஸ்டூலில் இருந்தபடியே சொன்னார். சரிங்க என்றாள். அவள் மனதில் தங்கியது 'பாதி' என்பது மட்டும்தான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

கருப்பையா தூங்க ஆரம்பித்தார். கன்னத்தில் சதை வைத்தது. வசந்தா கோட்டையூர் முழுக்கச் சொல்லி, "பாதி மாத்திரைக் கடை எதுங்க?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதலாளிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை.

ஒரு நாள் காலை, கடை திறந்து வாசல் தெளித்த ஈரம்கூடக் காயவில்லை. வேலைக்குப் போகிற வழியில் வசந்தா அவசரமாக உள்ளே வந்தாள்.

"அக்கா, மாத்திரை வெட்டுறதுக்குன்னு ஒரு டப்பா விக்கிதாமே. இருக்கா?"

"உனக்கு எதுக்கு? அது கையிலயே உடையுமே."

"முந்தி உள்ளது உடையும்க்கா. இப்ப உள்ளது வழுக்குது. பாக்குவெட்டியில வச்சு வெட்டுறேன், ஒரு பக்கம் தூளாப் போயிருது."

நாங்கள் கொடுத்த மாத்திரைக்குப் பாக்குவெட்டி தேவையே இல்லை. திரும்பிப் பார்த்தால், முதலாளி ஸ்டூலை விட்டு எழுந்து வந்துகொண்டிருந்தார்.

"எந்த மாத்திரை? காட்டுங்க."

மாதிரி காட்டி டப்பா வாங்கலாம் என்று கையோடு கொண்டுவந்திருந்தாள். பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பளபளவென்று மேல்பூச்சு போட்ட மாத்திரை. கோடு இல்லை.

"இது எங்க வாங்குனது?"

"வாங்கலீங்க. எங்க நாத்தனா வீட்டுக்காரருக்குத் திருச்சியில எழுதுனது. டாக்டரு நிப்பாட்டிட்டாகளாம், அட்டை அட்டையாக் கெடந்துச்சு. நேமத்தான்பட்டிக்கு ஒரு விசேஷத்துக்கு வந்தப்ப குடுத்தாக. பேரப் பாத்தேன், அதே மருந்துதான். வீரியம் அதிகமாப் போட்டிருந்துச்சு. அதான் பாதியாக்கிக் குடுக்குறேன்."

எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். புளி, வற்றல், வீட்டில் இடித்த மாவு என்று ஏதாவது ஒரு பை நிச்சயம். அந்தப் பையில் இந்த மாத்திரையும் வந்திருக்கிறது. வசந்தா அவளுக்குத் தெரிந்த அளவில் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தாள். பெயரைப் பார்த்தாள், வீரியத்தைப் பார்த்தாள், கணக்கும் போட்டாள். ஆனால் அது ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்த மாத்திரை. முழுசாக விழுங்க வேண்டும். வெட்டினால் மருந்து மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கும். ஆள் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார், நடுராத்திரியிலேயே விழித்துக்கொள்வார்.

முதலாளி மெதுவாகக் கேட்டார். "ராத்திரி எப்பிடித் தூங்குனாக?"

"படுத்ததும் தூங்கிட்டாக. இதுல அதுதான் நல்லாருக்கு. ஆனா விடியிறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிச்சிர்றாக."

"முழிச்சிட்டு?"

வசந்தாவின் பேச்சு வேகம் குறைந்தது. "மிச்சப் பாதி இருந்துச்சு. ஈரம் பட்டாத் தூளாயிரும், வீணாப் போகுமேன்னு..."

"போட்டுக்கிட்டாகளா?"

"ஆமாங்க."

"என்னைக்கு?"

"இன்னைக்குத்தான். அப்பறம் கண்ணசந்தாக, நாந்தான் எழுப்பிவிட்டேன். எந்திரிக்கவே இல்ல. முகத்துல தண்ணியத் தெளிச்சு, காப்பியக் குடுத்து அனுப்பிவிட்டேன்."

"எங்க அனுப்புனீக?"

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வாயில் கையை வைத்துக்கொண்டாள். "வேன் எடுத்துக்கிட்டு நேமத்தான்பட்டி போயிருக்காக."

நேமத்தான்பட்டியில் தொடங்கி, வழியில் நின்று நின்று பிள்ளைகளை ஏற்றி, கோட்டையூர் வந்து, பிறகு காரைக்குடிப் பள்ளிக்கு. இந்நேரம் வேனில் பாதிப் பிள்ளைகள் ஏறியிருப்பார்கள். முதலாளி கருப்பையாவின் எண்ணைப் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டும்போது கருப்பையா போனைத் தொடுவதில்லை, டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவார். அத்தனை ஒழுங்கான ஆள்.

"பள்ளிக்கூடத்து நம்பர் என்ன?" என்றார் முதலாளி.

வசந்தா அவர் கையை, போனோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு முதலாளியின் கையை ஒரு பெண் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. "ஐயா, அங்குட்டு மட்டும் சொல்லாதீக. வேலை போயிரும். மகளுக்கு அங்க பாதிக் கட்டணம்தான் வாங்குறாக, அதுவும் போயிரும். நாங்க போயி நிப்பாட்டிருறோம். அக்காவும் நானும் போறோம். ஒரு சத்தமில்லாம நிப்பாட்டிருறோம்."

முதலாளி அவளோடு வாதாடவில்லை. இன்னொரு கையால் அவள் கையை மெதுவாக எடுத்து மேஜை மேல் வைத்தார். என்னைப் பார்த்து, "காந்திமதி, வண்டிய எடு. இவுகளையும் ஏத்திக்க. கோட்டையூர்ப் பக்கம் வழியிலயே பிடிக்கப் பாரு" என்றார். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லப் போகிறாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

அந்த நேரத்துச் செக்காலை ரோடு எப்படியிருக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆட்டோ, டவுன் பஸ், பிள்ளைகளை ஏற்றிய சைக்கிள், நடுவில் படுத்திருக்கிற மாடு. நான் ஸ்கூட்டரை இவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை. பின்னால் உட்கார்ந்து வசந்தா விடாமல் பேசிக்கொண்டே வந்தாள். அவுக நிதானமான ஆளு, ஒரு கீறல்கூட விழ விட்டதில்ல, அந்த ஐயா ஃபோன் போட மாட்டாகள்ல, சொல்லுங்கக்கா. எதிரே மஞ்சள் வேன் வரும்போதெல்லாம் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்தேன். எதுவும் அவருடையது இல்லை. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னாள்.

"அக்கா, எம்மகளும் அதுலதான் இருக்கா."

கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டு மதிலை ஒட்டி வேன் நின்றிருந்தது. ஓர் அம்மா தன் பிள்ளையைத் தூக்கி ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஸ்கூட்டரை வேனுக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினேன். கருப்பையா கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா இங்குட்டு? இவ வேலைக்குப் போகலையா?"

"வண்டிய அணைங்க கருப்பையா."

"நேரமாகுதுக்கா. இன்னும் நாலு இடம் நிக்கணும்."

"நேத்துப் போட்ட மாத்திரை சரியில்ல. முழுத் தூக்கம் இல்லாம ரெண்டாவது தடவையும் போட்டிருக்கீக. வண்டி ஓட்டக் கூடாது."

அவர் நெற்றியில் விபூதி, காக்கிச் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. குரல் தெளிவாக இருந்தது. "எனக்கு ஒண்ணுமில்லக்கா. நல்லாத்தானே பேசிக்கிட்டிருக்கேன்? மூஞ்சியெல்லாம் கழுவிட்டேன்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பதறிப்போய் ஒரு நல்ல மனுஷனை நடுரோட்டில் அவமானப்படுத்துகிறோமோ என்று தோன்றியது. வசந்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் ஸ்கூட்டரை நகர்த்திவிடுவாள். வேறெதுவும் தோன்றாமல் கேட்டேன்.

"இதுக்கு முன்னாடி எங்க நிப்பாட்டுனீக?"

"அரசமரத்துக்கிட்ட. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரு ஏறுனாக."

உள்ளேயிருந்து ஒரு பெண் குழந்தையின் குரல் வந்தது. அவர் மகள்தான். "அப்பா, அங்க நிக்கலப்பா. நான் கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்ல."

கருப்பையா தலையைத் திருப்பினார். அந்த அண்ணனும் தங்கையும் வழக்கமாக உட்காருகிற இருக்கை போலிருக்கிறது, அதைப் பார்த்தார். காலியாக இருந்தது. சிரிப்பு அவர் முகத்திலிருந்து போவதை நான் அருகில் நின்று பார்த்தேன். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். சாவியை என் கையில் வைத்தார்.

"அந்தப் பிள்ளைக அங்கயே நிக்குங்களேக்கா" என்றார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். வசந்தாவும் அப்படித்தான் நினைத்தாள். தெரிந்த டிரைவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், கூப்பிட்டால் வந்துவிடுவார், பள்ளிக்குத் தெரியவே தெரியாது என்று போனை எடுத்தாள். அவள் பேசி முடிப்பதற்குள் பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளர் பைக்கில் வந்து இறங்கினார், பின்னால் இன்னொரு டிரைவர். முதலாளி சொல்லிவிட்டிருந்தார். பிள்ளைகள் பத்திரமாகப் பள்ளிக்குப் போனார்கள். அரசமரத்தடியில் நின்ற இரண்டு பேரையும் அவர்களுடைய அம்மா கொண்டுபோய் விட்டாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கருப்பையா மதில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

கருப்பையாவுக்கு அன்றைக்கே வேலை போய்விட்டது. முதலாளி வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனார். குடித்துவிட்டு ஓட்டவில்லை, மருந்து விஷயத்தில் நேர்ந்த தவறு என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். அவர்கள் மரியாதையாகக் காப்பி கொடுத்து, எங்களுக்கு வேறு வழி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "அவுக சொல்றதும் சரிதான்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் வசந்தா வந்தாள். கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"அக்காதான் வந்து நிப்பாட்டிட்டாகளே. நீங்க ஃபோன் போட்டிருக்க வேணாம்ல?"

"அவுக நிப்பாட்டிருவாகன்னு எனக்கு அப்பத் தெரியாதே, ஆத்தா" என்றார் முதலாளி.

மீதியிருந்த அட்டைகளை மேஜை மேல் போட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் கடை வாசலை மிதிக்கவில்லை. எனக்கு முதலாளி மேல் கோபம். கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றுவார் என்று எதிர்பார்த்தேன். கழற்றவில்லை. "நானும் அதைத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். மறுபடி அந்த எடத்துல நின்னாலும் ஃபோன்தான் போடுவேன் போலருக்கு" என்றார். அன்று அவருக்கு வயதாகிவிட்டது தெரிந்தது.

அன்றிலிருந்து கடையில் ஒரு வழக்கம் வந்தது. இதைத்தான் கூட்டத்தில் கேட்ட அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நினைத்தேன். தூக்க மாத்திரையின் விலையைக் குறைத்துக் கேட்கிறவர்களிடம், வீட்டில் இருக்கிற மாத்திரை மொத்தத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வார் முதலாளி. காலமான அப்பச்சி விட்டுப்போனது, மகன் மலேசியாவிலிருந்து கொண்டுவந்தது, சம்பந்தி வீட்டில் கொடுத்தது எல்லாம். பையை மேஜையில் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். எதை உடைக்கலாம், எதை முழுசாக விழுங்க வேண்டும், எதை டாக்டரிடம் கேட்டு நிறுத்தலாம், எதைத் தொடவே கூடாது என்று பிரிப்போம். ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் போகும். அதற்கு யாரும் காசு தர மாட்டார்கள். எத்தனையோ வீட்டில் செலவு அதில்தான் குறைந்தது. கைபேசியில் காட்டுகிற தள்ளுபடிக்கு அந்தப் பை தெரியாது, மகளே. நீ கேட்டால்தான் அது வெளியே வரும்.

ஓய்வு பெற்ற பிறகு, போன வருஷம் ஒரு மாலை, உறவுக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் கோட்டையூர் போய்விட்டு டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "அக்கா" என்று குரல் கேட்டது. கருப்பையா. உடம்பு நன்றாக இருந்தது. ஒரு பெரிய வீட்டில் இரவுக் காவல் வேலையாம். வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கதவைத் திறப்பார்கள். மகள் இப்போது அரசாங்கப் பள்ளியில் படிக்கிறாள். மாத்திரையை டாக்டரம்மா படிப்படியாகக் குறைத்து விடவைத்துவிட்டார்.

"வசந்தா எப்பிடி இருக்கா?"

"இருக்காக்கா. உங்க கடைப்பேச்சு எடுத்தா மட்டும் எந்திரிச்சுப் போயிருவா. கோவிச்சுக்காதீக."

கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது. பஸ் வருகிறதா என்று பார்த்தேன். அவர் போகாமல் நின்றார். அக்கம்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப நாற்காலியில உக்காந்தாலே கண்ணச் சொக்குதுக்கா. வேன் ஓட்டுன காலத்துல கூப்பிட்டாலும் வராத தூக்கம். பிள்ளைகளப் பத்தின கவலை இல்ல பாருங்க. வீட்டுக்காரவுக அங்கயிருந்தே கேமராவுல பாக்குறாக. ரெண்டு தடவ ஃபோன் போட்டுட்டாக. மூணாவது தடவ தூங்குனா அனுப்பிருவோம்னு சொல்லிட்டாக." கொஞ்சம் தயங்கினார். "தூங்காம இருக்கிறதுக்கு மாத்திரை ஏதும் இருக்காக்கா? விலை கம்மியா?"

இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது, விலையும் அதிகம். அதற்கு ஆகிற செலவைக் குறைக்கிற வழியும் எனக்கு நன்றாகத் தெரியும்.

"அப்பிடி ஒண்ணும் கிடையாது, கருப்பையா" என்றேன்.